முட்டியைக் காணோமே!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கட்டுமானத் தொழிலாளர் பாதுகாப்பு பற்றிய உங்கள் கட்டுரையில் ஹெல்மெட், கையுறை, பூட்ஸ் எல்லாம் வந்தன. முட்டியைத்தான் காணோம். 20 வருஷமாக டைல்ஸ் ஒட்டுகிறேன். எங்கள் வேலையில் நிற்கிற நேரத்தைவிட மண்டி போட்டிருக்கிற நேரம்தான் அதிகம்.

முட்டிச் சில்லுக்கு முன்னால், தோலுக்கு அடியில், சின்ன நீர்ப்பை ஒன்று உண்டு. கெட்டித் தரையில் நாள்கணக்கில் அழுந்தினால் அது வீங்கிவிடும். எனக்கு வலது முட்டியில் எலுமிச்சம்பழம் போல வீங்கியது. ஊசி குத்தி நீரை எடுத்த டாக்டர் முதலில் கேட்டதே, "என்ன வேலை பார்க்கறீங்க?" என்றுதான்.

அப்போதும் ஏதோ மாட்டிக்கொண்டுதான் வேலை செய்தேன். ஆனால் அது மூட்டு வலிக்காரர்கள் போடும் நீ கேப், வெறும் இழுவைத் துணி. தரையில் மண்டி போடுகிறவனுக்கு வேண்டியது நீ பேட், அதாவது உள்ளே மெத்தை வைத்த முட்டிக் கவசம். பெயர்க் குழப்பத்தில் இன்றும் பலர் முதலாவதை வாங்கிப் போகிறார்கள்.

நீ பேடிலும் தரையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். சொரசொரப்பான கான்கிரீட், உடைந்த சில்லு கிடக்கும் இடம் என்றால் தரையில் படும் முகம் கெட்டி பிளாஸ்டிக்காக இருப்பது நல்லது, சுலபமாக நகரலாம். ஆனால் அதில் ஒரு மணல் பரல் ஒட்டியிருந்தால் போதும், பாலிஷ் போட்ட மரத்தரையில் கோடு விழுந்துவிடும். அங்கே கறை படுத்தாத மென்மையான முகம்தான் சரி. முகம் உருண்டையாக இருந்தால் கால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். நீண்ட நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒட்டுவதற்குத் தட்டையானதே மேல்.

உள்ளே ஃபோமோ ஜெல்லோ, கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரல் அடித்தட்டில் இடித்தால் உங்கள் எடைக்கு அது தாங்காது. பழைய பேடும் அப்படித்தான்; அமுங்கியது எழும்பவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிடலாம். கடையில் நின்றபடி மாட்டிப் பார்த்துப் பிரயோஜனமில்லை, கூச்சப்படாமல் ஐந்து நிமிஷம் மண்டி போடுங்கள். பேண்ட் பையில் செருகும் வகைக்கு இது இன்னும் முக்கியம். நிற்கும்போது சரியாக இருக்கும் பை, மண்டி போட்டதும் மேலே ஏறிவிடும்.

ஐரோப்பாவில் இதற்கென்றே ஈஎன் 14404 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அதில் நிலை 0 என்று போட்டிருந்தால் சமதளத்துக்கு மட்டும்தான். கூர்மையான பொருள் குத்தினால் தடுக்காது.

என்னிடம் தொழில் பழகும் தம்பி ஒருவன், "அண்ணே, இதைப் போட்டா காலு மரத்துப் போகுது" என்று இரண்டு நாளாகக் கழற்றி எறிந்துகொண்டிருந்தான். பார்த்தால், ஒல்லிப் பட்டை முட்டிக்குப் பின்னால் மடிப்பிலேயே இறுக்கிக் கிடந்தது. அகலப் பட்டை உள்ளதாக மாற்றி, இரண்டு விரற்கடை கீழே இறக்கிக் கட்டிவிட்டேன். அன்று சாப்பாட்டுக்குப் போகும்போதுகூட அவன் அதைக் கழற்றவில்லை.

இப்படிக்கு,
டைல்ஸ் தொழிலாளி ஒருவர்