பழி ஒரு பையன் தலையில் விழ வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்பவன். 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு மென்பொருள் தயாரிக்கும் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான அப்டேட் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ‘வேலையில் சேர்ந்த முதல் நாள், அப்டேட் அனுப்பிவிட்டேன்’ என்று பெல்ஜிய நையாண்டி எழுத்தாளர் ஒருவர் அன்று வெளியிட்ட படத்தைப் பார்த்து நாங்களும் வாய்விட்டுச் சிரித்தோம். ஆனால், பலர் அதை உண்மை என்றே நம்பிப் பரப்பினார்கள். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் இன்றும் அந்தச் சம்பவம் ‘யாரோ ஒரு புதுப் பையன் செய்த வேலை’தான்.

அப்படி இல்லை. அப்டேட்டைச் சோதிக்கும் நிரலிலேயே பிழை இருந்தது. சில கணினிகளில் முதலில் அனுப்பிப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினார்கள். அந்த நிறுவனமே வெளியிட்ட விளக்கம் இது. 78 நிமிடத்தில் அப்டேட்டைத் திரும்பப் பெற்றும், ஏற்கெனவே முடங்கியவற்றுக்குப் பலனில்லை. அந்தக் கணினிகளில் பெரும்பாலானவற்றை ஒவ்வொன்றாகக் கையால்தான் மீட்க வேண்டியிருந்தது. கணினியில் உள்ள தகவல்களைப் பூட்டி வைக்கும் ‘பிட்லாக்கர்’ என்ற விண்டோஸ் வசதி இருந்தால், அதைத் திறக்க 48 இலக்க எண்ணை வேறு தட்ட வேண்டும். ஓர் இலக்கம் பிசகினாலும் திறக்காது. அதை விடிய விடியச் செய்தவர்கள் சப்போர்ட் பிரிவின் இளைஞர்கள். வியாசர்பாடியிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் அந்த வேலைக்குப் போகும் பிள்ளைகள் எத்தனையோ பேர்!

தொழில்நுட்பச் செய்திகளில் இப்படிப்பட்ட காரணங்களையும் தமிழில் விரிவாக எழுதுங்கள்.

– மென்பொருள் பொறியாளர், தண்டையார்பேட்டை, சென்னை - 81