அந்த 150-ஐ வாங்கிவிடாதே

சேலம்,
ஞாயிறு இரவு.

மாப்ள,

ஆறு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. அம்மாவின் கண் ஆபரேஷன், பெரியவளின் பத்தாம் வகுப்புப் பரீட்சை என்று நாள் ஓடிவிட்டது. இரண்டும் நல்லபடியாக முடிந்தன. திட்டுவதை நேரில் வந்து திட்டு. இப்போது இதை முழுசாகப் படி.

உன் அவெஞ்சர் பைக்குக்குப் பின்னால் 150 மி.மீ. அகல டயர் போடப் போகிறாய் என்று மொட்டை சொன்னான். பின்னாலிருந்து பார்த்தால் வண்டி கும்மென்று இருக்கும் என்றாயாம். கல்யாணப் பந்தலுக்கே அந்த வண்டியில் வந்து இறங்கியவன் நீ, வேறு என்ன சொல்வாய்! கும்மென்றுதான் இருக்கும். போன கார்த்திகையில் நானும் அதே ஆசையில் போட்டேன். உன்னிடம் சொல்லாமல் விட்டது என் தப்பு.

நம் வண்டி இரண்டும் 2008-இல் வாங்கிய 200 சி.சி. மாடல். கம்பெனி கொடுத்த பின் டயர் 130/90-15. அதாவது அகலம் 130 மி.மீ., பக்க உயரம் அகலத்தில் 90 சதவீதம், ரிம் 15 அங்குலம். நான் வாங்கியது 150/80-15. கணக்குப் போட்டுத்தான் வாங்கினேன். பழையதன் விட்டம் 615 மி.மீ., புதியது 621. மட்கார்டில் தட்டாது, தட்டவும் இல்லை. ஆனால் பக்கத்துக்குப் பத்து மி.மீ. அகலம் கூடுகிறதே, இடது பக்கம் செயின் அல்லவா ஓடுகிறது! மாட்டிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினால் டயருக்கும் செயினுக்கும் நடுவில் ஒரு ரூபாய் நாணயம்கூட நுழையவில்லை.

மெக்கானிக் யோசிக்கவே இல்லை. ஸ்போக்கை இழுத்து, ரிம்மை வலது பக்கமாகக் கொஞ்சம் தள்ளிக் கட்டிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து முன்சக்கரம் ஒரு கோட்டில், பின்சக்கரம் இன்னொரு கோட்டில். ஓமலூர் ரோட்டில் கைப்பிடியை லேசாகத் தளர்த்தினாலே வண்டி ஒரு பக்கம் போகும். ரோட்டுச் சரிவு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை உன் தங்கச்சியை ஏற்றிக்கொண்டு ஏற்காடு போனேன். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது பாதிக் கொண்டை ஊசி தாண்டியதும் ரப்பர் கருகுகிற வாசனை. பிரேக் சூடு என்று நினைத்து ஓரம் கட்டினேன். குனிந்து பார்த்தால் டயரின் இடது கன்னத்தில், சுற்றி வர, பளபளவென்று ஒரு கோடு. விரல் வைத்தால் சுடுகிறது. நகம் இறங்கும் ஆழத்துக்குப் பள்ளம். ஓரிடத்தில் ரப்பருக்குள் இருக்கும் நூல் வெள்ளையாக எட்டிப் பார்த்தது. தளர்ந்திருந்த செயின் ஆடி ஆடி அறுத்திருக்கிறது. இன்னும் பத்து வளைவு தாங்கியிருக்குமா என்று தெரியாது. அவளிடம் பஞ்சர் என்று சொல்லி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். எனக்குக் கால் நடுங்கியது, மாப்ள.

அகல டயர் ரோட்டை நன்றாகப் பிடிக்கும் என்று நீ சொல்வாய். எல்லாரும் சொல்வதுதான். நம் ரிம் 130-க்காகச் செய்தது. அதில் 150-ஐ ஏற்றினால் இரண்டு ஓரமும் உள்ளே நெருக்கப்பட்டு, நடு முதுகு மேலே உருண்டு வந்துவிடும். நேர் ரோட்டில் தரையைத் தொடுவது அந்த நடு முதுகுதான், முதலில் தேய்வதும் அதுதான். வளைவில் இன்னொரு தொல்லை. டயர் அகலமானால் தரையைத் தொடும் இடம் நடுவை விட்டு இன்னும் ஓரமாகப் போகிறது. அதனால் அதே வளைவுக்கு, அதே வேகத்துக்கு, வண்டியை முன்பைவிட அதிகமாகச் சாய்க்க வேண்டும். நம் வண்டியின் கால்கட்டையோ ஏற்கெனவே கொஞ்சம் சாய்த்தாலே தரையைத் தொடும் உயரத்தில் இருக்கிறது. பழைய 130-இல் இடுப்பை அசைத்தாலே திரும்பிய வண்டி, எருமையைக் கயிறு போட்டு இழுக்கிற மாதிரி ஆகிவிட்டது.

உன் வண்டியில் இன்னொன்றையும் யோசி. இப்போது உன் செயின் பழசு, நீண்டிருக்கும், சக்கரத்தைப் பின்னால் தள்ளி வைத்திருப்பாய். அதனால் டயரின் முன்பக்கத்துக்கும் ஸ்விங் ஆர்முக்கும் (பின்சக்கரத்தைத் தாங்கும் கவைக்கும்) நடுவில் இடம் இருக்கிற மாதிரி தெரியும். புதுச் செயின் மாட்டும் அன்று சக்கரம் முன்னால் வந்துவிடும். அந்த இடமும் போச்சு.

நான் ஸ்போக்கை எல்லாம் பழையபடி நடுவுக்கு இழுத்துக் கட்டச் சொல்லி, புது 130/90-15 போட்டுவிட்டேன். வண்டி மறுபடியும் என் வண்டியாக இருக்கிறது.

மழையில் பின்பக்கம் நழுவுகிறது என்பதற்காகத்தான் நீ இதையெல்லாம் ஆரம்பித்தாய் என்றும் மொட்டை சொன்னான். அதற்கு அகலம் காரணம் இல்லை என்றே எனக்குப் படுகிறது. உன் டயர் எப்போது வாங்கியது? டயரின் பட்டன், அதுதான் மேலே இருக்கும் ரப்பர் மேடு, தேயவில்லை என்று நீ பெருமைப்பட்டுக்கொள்கிறாய், ஆனால் ரப்பர் வருஷக் கணக்கில் வெயிலில் நின்று இறுகிப்போயிருந்தால் ஈரத்தில் சோப்பு மாதிரிதான் வழுக்கும். டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2316 என்றால் 2016-இல் இருபத்து மூன்றாவது வாரம்.

குட்டியை நடுவில் வைத்துக்கொண்டு நீங்கள் மூன்று பேரும் வால்பாறை போவதாகக் கேள்வி. ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி. அங்கே அந்த 150-ஐப் போட்டுக்கொண்டு போகாதே. குட்டியோடு பைக்கிலேயே போகாதே, பஸ்ஸில் போங்கள்.

நாளைக் காலையில் டார்ச் அடித்துப் பார்த்து அந்த நான்கு இலக்கத்தை எனக்கு அனுப்பு. அதுவரை கடைக்காரனுக்கு அட்வான்ஸ் கொடுக்காதே.

உன்,
மச்சான்