தெப்பக்குளத்தில் காலை நடக்கிறவர்களுக்கு ஒரு மடல்

அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம்.

நானும் உங்களோடு நடக்கிறவன்தான். போன மாதம் மூன்றாவது சுற்று முடிந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது நம்ம ஆள் ஒருவர் பையிலிருந்து இரண்டு டப்பா எடுத்து என் மதினியிடம் நீட்டினார். "ஈரல்ல கொழுப்புன்னீங்களே, இது ரஷ்யா பெப்டைடு, மருந்தே இல்ல மதினி, வெறும் சத்து, ரெண்டே மாசத்துல ஸ்கேன் சுத்தமாயிரும்." மதினியும் வாங்கிவிட்டார். (பெப்டைடு என்றால் அமினோ அமிலங்கள் கோத்த குட்டிப் புரதத் துண்டு.)

ஒரு டப்பா பாதி தீர்ந்த பிறகுதான் நான் கண்ணாடி போட்டுப் பொடி எழுத்தைப் படித்தேன். கன்றுக்குட்டி ஈரலில் இருந்து எடுத்ததாம்! மதினி கவிச்சி வாசனையே ஆகாதவர். அசைவம் என்று காட்டும் பழுப்பு முக்கோணம் இல்லை, உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் இல்லை.

சரி, முழுக்கப் புருடா என்று நான் சொல்லவில்லை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் விளாதிமிர் காவின்சன் என்ற மருத்துவர், 2024இல் இறந்தார், காலமெல்லாம் இதையே ஆராய்ந்தவர். இரண்டு முதல் நான்கு அமினோ அமிலம் கோத்த குட்டிப் பெப்டைடுகள் செல்லுக்குள் போய் மரபணுக்களைத் தட்டி எழுப்பும் என்பது அவர் கருத்து. ஈரலுக்கு ஸ்வெட்டினார்ம், ஓவாஜென், இரைப்பைக்கு ஸ்டாமகார்ட் என்று உறுப்புக்கு ஒரு டப்பா. சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) தின்றால் ரத்தம் ஊறும் என்று அப்பத்தா சொன்னதும் ஏறக்குறைய இதே கணக்குதான் (அதுவாவது மிளகு தூக்கலாக வறுத்தால் ருசிக்கும்). ஆனால் ஆய்வுகளில் பெரும்பாலானவை அவருடைய குழுவே செய்தவை. வெளியாட்கள் நிறைய நோயாளிகளைச் சேர்த்து, பாதிப்பேருக்கு வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்த பெரிய சோதனை எதுவும் என் கண்ணில் படவில்லை.

எனக்குக் கோபம் காசுக்காக இல்லை. டப்பா வந்த தைரியத்தில் டாக்டர் எழுதிக்கொடுத்த ரத்தப் பரிசோதனையை மதினி தள்ளிப்போட்டுவிட்டார். உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் கொழுப்பு ஈரலின் வீக்கமே தணியும் என்பது நன்றாக நிரூபணமானது, அதாவது 80 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய ஆறு முதல் எட்டு கிலோ, அதற்குத்தானே விடியற்காலையில் எழுந்து இந்தக் குளத்தைச் சுற்றுகிறோம், அப்புறம் நேரே போய் நாலு வடையும் பருத்திப்பாலும் உள்ளே தள்ளுகிறோம், அது வேறு கதை.

விற்கிறவர்கள் எதிலிருந்து செய்தது என்பதை முதலில் சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் டாக்டரிடம் டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். "மருந்தே இல்ல" என்பதையும் "ஸ்கேன் சுத்தமாயிரும்" என்பதையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள், ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்.

பிரிக்காத இன்னொரு டப்பா என்னிடம்தான் இருக்கிறது. கொடுத்தவர் இதைப் படித்தால், நாளைக் காலை அதே படிக்கட்டில் வாங்கிக்கொண்டு மதினியின் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடட்டும்.