அருந்ததியும் ஒரு புள்ளியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்வெளி ஆய்வால் நமக்கு என்ன கிடைக்கும் என்று யாரேனும் கேட்டால், வானிலை, கப்பல் கண்காணிப்பு, வேலைவாய்ப்பு என்று பயன்களை எண்ணிக் காட்டியே பதில் சொல்லிவருகிறோம். நம் சிங்கப்பூரின் துணைக்கோள்களான எக்ஸ்-சாட் 2011லும் டெலியோஸ்-1 2015லும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டபோதும் என் காதில் விழுந்த பேச்சு இதுதான். அந்தப் பயன்கள் உண்மையானவை. ஆனால், மனிதன் தன் இடத்தை அறிந்துகொள்வதும் ஒரு பயன்தான் என்பதை நாம் துணிந்து சொல்வதில்லை.

அண்மையில் உறவினர் திருமணத்தில், அம்மி மிதித்து அருந்ததி பார்த்த மணமக்கள் நிமிர்ந்த திசையில் மண்டபக் கூரையும் மின்விசிறியும்தான் இருந்தன. “அருந்ததி எங்கே தாத்தா?” என்று பேரன் கேட்டான். மே மாத இரவொன்றில் அவனை எங்கள் புளோக்கை ஒட்டிய பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்துக்கு அழைத்துச்சென்று, வடவானில் சப்தரிஷி மண்டலத்தைக் காட்டினேன். நகர வெளிச்சத்தில் வசிட்டர் மட்டுமே வெறுங்கண்ணுக்குத் தெரிந்தார். பைனாகுலர் வழியாகத்தான் பக்கத்திலிருந்த அருந்ததியை அவன் கண்டுகொண்டான். அந்த ஒளி ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு முன், இத்தீவு ஜப்பானியர் பிடியில் இருந்த காலத்தையொட்டிப் புறப்பட்டது என்றேன். வெகுநேரம் அவன் பைனாகுலரைத் திருப்பித் தரவில்லை. அந்தத் தூரத்தைத் துல்லியமாக அளந்தது, 1989ல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் ஹிப்பார்கோஸ் துணைக்கோள். அதன் வருமானம் என்ன என்று எந்தக் கணக்கேட்டில் பார்ப்பது?

1990 பிப்ரவரி 14ஆம் தேதி, ஏறக்குறைய 600 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து நாசாவின் வாயேஜர்-1 விண்கலம் பூமியைத் திரும்பிப் பார்த்துப் படமெடுத்தது. அளவீடு எதற்கும் பெரிதாக உதவாத படம் அது; சூரிய ஒளி கேமராவைப் பாதிக்கலாம் என்ற தயக்கமும் இருந்தது. இருந்தும் எடுத்தார்கள். அதில் பூமி ஒரு பிக்சலுக்கும் குறைவான புள்ளி. சின்னஞ்சிறு சிவப்புப் புள்ளி என்று அழைக்கப்பட்ட நாட்டில், தண்ணீரையும் நிலத்தையும் எண்ணி எண்ணிச் செலவிட்டு வாழும் நமக்கு, அந்தப் படத்தின் பொருள் பிறரைவிட எளிதில் விளங்க வேண்டும்.

துணைக்கோள் செய்திகளை வெளியிடும்போது அவற்றின் விலையோடும் பயனோடும் நிறுத்திவிடாமல், இத்தகைய கேள்விகளுக்கும் தங்கள் மாணவர் பக்கத்தில் இடமளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்