ஷாலிமாரை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

பெண்களுக்கான செண்ட் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் ஷாலிமார் பெயரே இல்லை, மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன். பாரிஸில் ழாக் கெர்லான் உருவாக்கி 1925-ல் விற்பனைக்கு வந்தது அது. ஷாஜகான், மும்தாஜ் காதலை நினைத்து வைத்த பெயர். தெளித்ததும் பெர்கமாட் என்கிற ஒருவகை எலுமிச்சையின் தோலைக் கிள்ளியதுபோல் சுள்ளென்று ஏறும். சரி, இவ்வளவுதானா என்று வேலையைப் பார்க்கப் போனால், அரை மணி நேரம் கழித்து வெனிலாவும் லேசான புகையும் பதப்படுத்திய தோலின் வாடையும் கலந்து மணிக்கட்டிலிருந்து எழும்பும் பாருங்கள், அதுதான் ஷாலிமார்! அந்த வெனிலா ஐஸ்கிரீம் வாசனை இல்லை. எத்தில் வெனிலின் என்ற செயற்கைப் பொருளைத் தாராளமாகச் சேர்த்திருக்கிறார்கள், அது வெனிலாவுக்கு மணம் தரும் சாதாரண வெனிலினைவிட வீரியம் கூடியது. என் பருத்திப் புடவை முந்தானையில் பட்டது, மறுநாள் மடிப்பைப் பிரித்தபோதும் அப்படியே இருந்தது.

நம் வெயிலுக்குப் பகலில் வேண்டாம், தலை கனக்கும். சாயங்காலம் இரண்டே சொட்டு போதும். அடுத்த முறை இதற்கும் நாலு வரி ஒதுக்குங்கள் ஐயா.

– ஒரு வாசகி, திருச்சி