லைப்சிக்கை யார் யாரிடம் கொடுத்தார்கள்?

அன்புள்ள தம்பிக்கு,

உன் வீட்டுக்காரப் பாட்டி சொன்னது சரிதான். ஜெர்மனியில் நீ இருக்கும் இந்த லைப்சிக்குக்கு முதலில் வந்தவர்கள் அமெரிக்கர்கள். 1945 ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஊரைப் பிடித்தார்கள். ஜூலை தொடக்கத்தில் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள், பின்னாலேயே ரஷ்யர்கள் வந்து உட்கார்ந்தார்கள். சண்டையே இல்லாமல் ஊரைக் கைமாற்றிக்கொண்டவர்கள் மூன்றே வருடத்தில் எப்படி ஜென்மப் பகையாளி ஆனார்கள், தப்பு யார் மேல் என்று கேட்டிருந்தாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்பாய். அதனால் எழுதுகிறேன்.

ஜெர்மனியில் யார் எந்தப் பகுதியை வைத்துக்கொள்வது என்று 1944-லேயே லண்டனில் பேசி வரைபடத்தில் கோடு போட்டுவிட்டார்கள். சண்டை போன வேகத்தில் அமெரிக்கப் படை அந்தக் கோட்டைத் தாண்டி உன் ஊர்வரை வந்துவிட்டது. பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலுக்கு அதைத் திருப்பிக் கொடுக்க மனசே இல்லை. கையில் இருந்தால் பேரம் பேச உதவும் என்று அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமனிடம் சொல்லிப் பார்த்தார். ட்ரூமன் கேட்கவில்லை. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், தவிர பெர்லினில் தங்கள் பங்கு கிடைக்க வேண்டுமே. ஆக, நீ ஒழுங்கு என்று சொல்லும் அந்தக் கைமாற்றத்திலேயே சந்தேகம் கலந்திருந்தது.

இவர்கள் எப்போதுமே சிநேகிதர்கள் இல்லை என்பதை மறந்துவிடாதே. 1939 ஆகஸ்டில் ஹிட்லரோடு ஒப்பந்தம் போட்டவர் இதே ஸ்டாலின்தான். 1941 ஜூனில் ஹிட்லர் அவர் மேலேயே பாய்ந்த பிறகுதான் மேற்கு நாடுகளோடு கூட்டு. பொது எதிரி ஒருவன் இருந்தான், அவ்வளவுதான்.

அந்தக் கூட்டில் யார் என்ன போட்டார்கள் என்ற கணக்குதான் பிறகு எல்லாவற்றையும் கெடுத்தது. அமெரிக்கா பொருளாகக் கொடுத்தது. லாரியும் ஜீப்புமாக ஏறக்குறைய 4 லட்சம் வண்டிகள், டப்பா இறைச்சி, பூட்ஸ், விமானம். பெர்லினை நோக்கிப் போன ரஷ்யச் செம்படைக்காரர்களில் பலர் போனது ஸ்டூடிபேக்கர் என்ற அமெரிக்க லாரியில்தான். ரஷ்யா உயிராகக் கொடுத்தது. ராணுவமும் பொதுமக்களுமாக அங்கே செத்தவர்கள் சுமார் 2.7 கோடி பேர். அமெரிக்கத் தரப்பில் 4 லட்சத்துக்குச் சற்று மேல். பிரான்ஸில் இறங்குங்கள், எங்கள் மேல் இருக்கும் பாரம் குறையட்டும் என்று ஸ்டாலின் 1941-லிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் இறங்கியது 1944 ஜூனில். நாம் சாகும்வரை காத்திருந்தார்கள் என்று அவர் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. எங்கள் லாரியும் சோறும் இல்லாமல் ஜெயித்திருப்பாயா என்று அமெரிக்கர்கள் நினைத்ததிலும் ஆச்சரியம் இல்லை. சேர்ந்து வழக்காடி ஜெயித்த பங்காளிகள் சொத்தைப் பிரிக்க உட்கார்ந்தது போலத்தான்.

பிரித்த லட்சணத்தைக் கேள். 1944 அக்டோபரில் சர்ச்சில் மாஸ்கோ போனார். அரைத்தாள் ஒன்றில் ருமேனியாவில் ரஷ்யாவுக்கு 90 சதவீதம், கிரீஸில் பிரிட்டனுக்கு 90, யூகோஸ்லாவியாவில் பாதிக்குப் பாதி என்று எழுதி மேஜை மேல் தள்ளினார். ஸ்டாலின் நீலப் பென்சிலால் ஒரு டிக் போட்டுத் திருப்பித் தந்தார். கோடிக்கணக்கான ஜனங்களின் தலையெழுத்தை இப்படி முடிவு செய்தது அசிங்கமாக இருக்கிறதே, தாளை எரித்துவிடலாமா என்று சர்ச்சிலே கேட்டாராம். வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம் ஸ்டாலின். இதைப் பின்னால் எழுதி வைத்தவரும் சர்ச்சில்தான்.

போலந்தை இப்படிப் பிரிக்க முடியவில்லை. முப்பது வருடத்துக்குள் இரண்டு முறை ஜெர்மன் படை அந்த வழியாகத்தான் ரஷ்யாவுக்குள் வந்தது. அந்த வாசலில் தன் ஆள்தான் நிற்க வேண்டும் என்பது ஸ்டாலினின் பிடிவாதம். பிரிட்டன் போரில் இறங்கியதே போலந்துக்காக. யால்டா மாநாட்டில் 1945 பிப்ரவரியில் சுதந்திரமான தேர்தல் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த மாதமே போலந்துத் தலைமறைவு இயக்கத் தலைவர்கள் 16 பேரைப் பேச்சுவார்த்தைக்கு என்று கூப்பிட்டு, பிடித்து மாஸ்கோ சிறையில் போட்டார்கள். இதற்கு எந்தப் பயத்தையும் சாக்காகச் சொல்ல என்னால் முடியாது.

ஏப்ரல் 12-இல் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இறந்தார். ஸ்டாலினை எப்படியும் சமாளித்துவிடலாம் என்று நம்பியவர் அவர். அடுத்து வந்த ட்ரூமனுக்கு வெளிநாட்டு விவகாரத்தில் அனுபவம் குறைவு. அணுகுண்டு விஷயமே அவருக்குப் பதவி ஏற்ற பிறகுதான் முழுதாகத் தெரியும். மே மாதம் ஜெர்மனி சரணடைந்த சில நாட்களிலேயே ரஷ்யாவுக்கான உதவியை நிறுத்தி, கடலில் போய்க்கொண்டிருந்த கப்பலைக்கூடத் திரும்பச் சொன்னார்கள். பிறகு சுதாரித்துக்கொண்டு மாற்றினார்கள் என்றாலும் ஸ்டாலின் அதை மறக்கவில்லை. ஜூலை 24, பெர்லின் பக்கத்துப் போட்ஸ்டாமில் மூன்று நாட்டுத் தலைவர்களின் மாநாடு. கூட்டம் கலைகிற நேரத்தில் ட்ரூமன் தன் மொழிபெயர்ப்பாளரைக்கூட விட்டுவிட்டு ஸ்டாலினிடம் நடந்து போய், அசாதாரணமான அழிவுசக்தி கொண்ட புது ஆயுதம் ஒன்று எங்களிடம் இருக்கிறது என்று போகிற போக்கில் சொன்னார். ஸ்டாலின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவருக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். கிளாஸ் ஃபூக்ஸ் போன்ற உளவாளிகள் மூலம் அவருக்கு ஏற்கெனவே செய்தி போயிருந்தது! கூட்டாளி மறைக்கிறான் என்று அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்பது இவர்களுக்குத் தெரியாது.

மீதி நீ பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 1946-இல் ஃபுல்டனில் சர்ச்சிலின் 'இரும்புத் திரை' பேச்சு, 1947-இல் கிரீஸுக்கும் துருக்கிக்கும் ட்ரூமன் கேட்ட 40 கோடி டாலர், பிறகு போரில் நொடித்த ஐரோப்பாவுக்கு அமெரிக்கா பணம் கொடுக்கும் மார்ஷல் திட்டம். செக்கோஸ்லோவாகியா அந்தப் பணத்துக்கு முதலில் சரி என்று சொல்லிவிட்டு, மாஸ்கோ மிரட்டியதும் பின்வாங்கியது. 1948 ஜூனில் மேற்குப் பகுதியில் புது மார்க் நோட்டு வந்ததும் ஸ்டாலின் ரஷ்யப் பகுதிக்கு நடுவே இருந்த பெர்லினுக்கு மேற்கிலிருந்து போகும் சாலை, ரயில் எல்லாவற்றையும் அடைத்தார். பதினோரு மாதம் நிலக்கரியும் மாவும் அமெரிக்க, பிரிட்டிஷ் விமானங்களில் வந்தன. 1949 ஈஸ்டரின்போது ஒரே நாளில் சுமார் 1,400 விமானங்கள் வந்து இறங்கின. நாலு வருடம் முன்பு அதே ஊர் மேல் குண்டு போட்டவர்கள் அவர்கள். அந்த ஆகஸ்டில் ரஷ்யாவும் அணுகுண்டை வெடித்துப் பார்த்தது.

தப்பு யார் மேல் என்றால், என் கணக்கில் ஸ்டாலின் மேல்தான் அதிகம். ஆனால் அவருடைய பயம் நடிப்பு இல்லை. அவருடைய இடத்தில் ஒரு நல்ல மனுஷன் இருந்திருந்தாலும் போலந்தை அப்படியே விட்டிருப்பானா என்று எனக்குச் சந்தேகம்தான். உன் அப்பா இதை ஒப்புக்கொள்வதில்லை. நெய்வேலி அனல்மின் நிலையத்தை ரஷ்யர்கள் கட்டிக்கொடுத்த காலத்து ஆள் அவர், அமெரிக்காக்காரன்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அவரிடமே கேள், எனக்கும் பேச்சுத்துணை கிடைக்கும்.

அன்புடன்,
அம்மா