ஓரத்தில் பென்சிலால் எழுதிய எண்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

கேள்விகள் கேட்டு ஒருவர் தன் வழியைத் தானே கண்டுகொள்ள உதவும் கோச்சிங் வேலைக்கான எங்கள் மதிப்பீட்டின் முடிவு நேற்று மாலை வந்துவிட்டது. கடந்த மூன்று மாதம் எப்படிப் போனது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். அதை மறுபடி கிளற வேண்டாம். மனம் இன்னும் நிதானத்துக்கு வரவில்லை. வந்த பிறகு எழுதினால் இந்த ஈரம் காய்ந்துவிடும் என்பதால் இப்போதே எழுதுகிறோம்.

முதலில் எங்கள் வழிகாட்டியான உங்களுக்கு, அம்மா. ஒரு கிளையன்ட்டோடு பேசிய நாற்பது நிமிட செஷன் பதிவு ஒன்றைக் கேட்டுக் கருத்துச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டிருந்தோம். அதோடு அனுப்பிய எழுத்துப் படி திரும்பி வந்தபோது அதில் ஒரு வரி விமர்சனம்கூட இல்லை. ஓரத்தில் பென்சிலால் எண்கள் மட்டும்: 1, 0, 2, 0, 0, 1. கிளையன்ட் பேசி நிறுத்தியதற்கும் கோச் வாய் திறந்ததற்கும் நடுவே எத்தனை நொடி என்று கடிகாரம் வைத்து அளந்திருந்தீர்கள். குறுக்கே பாய்ந்த இடங்களில் பூஜ்யம். ஏழாம் பக்கத்தில் ஒரே ஒரு சொல்லைச் சுற்றி வட்டம். கிளையன்ட் சொன்ன "ஆனா..." அது. பேசிய விஷயம் அவருக்குச் சொந்தம், இங்கே வேண்டாம். அந்த "ஆனா"வுக்குப் பின்னால் ஏதோ வர இருந்தது. அதற்குள் மிக நேர்த்தியான ஒரு கேள்வி போய் வழியை அடைத்துவிட்டது.

இலக்கு, நடப்பு, வழிகள், உறுதி என்று செஷனைப் படிப்படியாகக் கொண்டுபோகும் குரோ (GROW) முறையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். சிக்கலே அங்கேதான். முறை நன்றாகத் தெரிந்தவருக்கு, எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கட்டம் மனதுக்குள் ஓடத் தொடங்கிவிடும். தெரிந்தவற்றில் எதை இந்த நிமிடம் சொல்லாமல் விடுவது என்பது புரிவதற்கு, அறிவுக்கு அப்பால் இன்னொன்று வேண்டியிருக்கிறது.

சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பின் மூன்று நிலைச் சான்றிதழ்களுக்கு 100, 500, 2500 மணி நேர அனுபவம் கேட்கிறார்கள். அவசியமான அளவுகோல்தான். ஆனால் எத்தனை நேரம் உட்கார்ந்தோம் என்பதை மட்டுமே அந்தக் கணக்கு காட்டும். எப்படிக் கேட்டோம் என்பதைப் பதிவுதான் காட்டிக்கொடுக்கும்.

நீங்கள் செய்ததைப் பார்த்து மற்றப் பதிவுகளையும் அளந்தோம். செய்து பார்க்க நினைப்பவர்களுக்காக முறையை எழுதிவைக்கிறோம். யார் கேட்பார்கள், எப்போது அழிக்கப்படும் என்ற விவரத்தோடு கிளையன்ட்டிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். முழு செஷனும் தேவையில்லை, நடுவிலிருந்து பத்து நிமிடம் போதும்; தொடக்கம் நலம் விசாரிப்பிலும் கடைசி அடுத்த வேலைகளைப் பேசுவதிலும் போய்விடும். கையால் தட்டச்சு செய்யுங்கள். ஒரு மணி நேரமாவது பிடிக்கும், பரவாயில்லை. தானாக எழுதித் தரும் மென்பொருள்கள் "ம்", "வந்து", பாதியில் நின்ற வாக்கியம் ஆகியவற்றைப் பெரும்பாலும் துடைத்துவிடுகின்றன. நமக்கு வேண்டியதே அவைதான். பிறகு ஒவ்வொரு முறை நீங்கள் பேசிய இடத்திலும் இரண்டு எண்கள் எழுதுங்கள்: முன்னால் எத்தனை நொடி விட்டீர்கள், ஒரே மூச்சில் எத்தனை கேள்வி கேட்டீர்கள்.

இரண்டாவது எண் எங்களை அதிகம் உலுக்கியது. மூன்று கேள்வியை அடுக்கினால், கிளையன்ட் பெரும்பாலும் கடைசியாக வந்ததற்கோ எளிதானதற்கோ பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். கனமான கேள்வி அப்படியே கிடக்கும். "அவரிடமே நேரில் பேசிப் பார்த்தால் என்ன?" என்பதும் கேள்விக்குறி போட்ட அறிவுரைதான். "ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்றால் எதிரில் இருப்பவர் நியாயம் சொல்ல ஆரம்பிப்பார், "அந்த முடிவெடுத்தபோது எது முக்கியமாகப் பட்டது?" என்றால் யோசிப்பார்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எண்ணைப் பார்த்தபின், செஷனில் மனதுக்குள் ஐந்துவரை எண்ணத் தோன்றும். எண்ணிக்கொண்டிருப்பவரும் கேட்கவில்லை. அளவு பதிவோடு நிற்கட்டும். செஷனில் எதிரில் இருப்பவரின் கண்ணைப் பாருங்கள். பார்வை எங்கோ நிலைத்திருந்தால் உள்ளே வேலை நடக்கிறது, விட்டுவிடலாம். உங்களிடம் திரும்பினால் பெரும்பாலும் முடித்துவிட்டார். மனம் உடைந்து இருப்பவரிடம் நீண்ட மௌனம் கைவிட்டதுபோல ஆகிவிடும், அங்கே ஒரு "ம்" வேண்டும். வீடியோ அழைப்பில் ஒலி தாமதமாக வருவதால் இன்னும் ஒரு மூச்சு கூடுதலாகப் பொறுங்கள்.

இதையெல்லாம் வாயால் சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்போம், அம்மா. நீங்கள் சொல்லாமல் விட்டீர்கள்.

பதிவுக்குச் சம்மதித்த கிளையன்ட்கள், இரவெல்லாம் தட்டச்சு செய்து தந்தவர்கள், ஒத்திகைக்கு எதிரில் உட்கார்ந்த சக கோச்கள், எங்கள் செஷன்களை அலசும் சூப்பர்விஷனில் எங்கள் பதற்றத்தைப் பொறுத்துக்கொண்டவர், சாப்பாட்டு வேளை தப்பியும் கேள்வி கேட்காத வீட்டார் எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. "என்ன பேசினார்கள்?" என்று ஒருமுறைகூடக் கேட்காமல், எத்தனை செஷன் முடிந்தது என்ற கணக்கோடு நிறுத்திக்கொண்ட, கிளையன்ட்களின் மேலதிகாரிகளுக்குத் தனி வணக்கம்.

அடுத்த மாதத்திலிருந்து எங்களில் ஒவ்வொருவரும் மாதம் ஒரு புதிய கோச்சின் பத்து நிமிடத்தைக் கேட்பதாக முடிவு செய்திருக்கிறோம். அனுப்புபவர்கள் கிளையன்ட்டின் சம்மதக் கடிதத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பென்சிலால் எண்களை மட்டும் எழுதித் திருப்பித் தருவோம்.

என்றும் நன்றியுடன்,
பயிற்சிக் குழுவினர்